அப்பாவ சுகர் மருந்து ட்ரையல்ல சேத்த ரிசர்ச் யூனிட் பத்தி

அப்பாவுக்கு 64 வயசு, 15 வருஷமா சுகர். மதுரைல ஒரு ஆஸ்பத்திரி ரிசர்ச் யூனிட்ல புது மாத்திரை ட்ரையல்ல சேந்து நாலு மாசம் ஆச்சு, ஆஸ்பத்திரி பேரு வேணாம், ஆனா அவங்க ஆள் சேக்குற விதத்த பத்தி கண்டிப்பா எழுதணும்.

ஏன்னா இதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துல ஓபில நிக்க வச்சே ஃபார்ம நீட்டி, "இன்னும் ரெண்டு பேர் தான் எடுப்போம், இன்னைக்கே கையெழுத்து போட்டா மருந்து ஃப்ரீ"ன்னாங்க. அப்பா "என்னைய சோதனை எலி ஆக்கப் பாக்குறீங்களா"ன்னு கெளம்பிட்டாரு. சீக்கிரம் சீக்கிரம்னு அவசரப்படுத்துறதெல்லாம் ஆடித் தள்ளுபடிக்கு சரி, நோயாளிகிட்ட பண்ணலாமா?

இங்க கோஆர்டினேட்டர் மேடம் உக்கார வச்சு பேசுனாங்க. யாருக்கு எந்த மாத்திரைன்னு டாக்டர் முடிவு பண்றதில்ல, காசு சுண்டிப் போடுற மாதிரி கம்ப்யூட்டர் தான் பிரிக்கும்னாங்க. எப்ப வேணா வெலகலாம், வழக்கமான வைத்தியம் நிக்காதுங்கற வரிய பென்சில்ல வட்டம் போட்டாங்க. அப்புறம் "ஐயா, நான் சொன்னத உங்க பாணில திருப்பி சொல்லுங்க"ன்னு கேட்டாங்க பாருங்க, அங்க தான் அப்பா மனசு மாறுச்சு. பக்கவிளைவு வந்தா செலவு நம்ம தலைலன்னு அவரு நெனச்சுட்டு இருந்தது அப்ப தான் வெளிய வந்துச்சு, ட்ரையலால பாதிப்புன்னா வைத்தியம், நஷ்டஈடு ரெண்டுக்கும் மருந்து ட்ரையலுக்கான 2019 அரசு ரூல்ஸ்ல வழி இருக்குன்னு நிதானமா வெளக்குனாங்க. கையெழுத்து வாங்காம ஃபார்மோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, மூணு நாள் கழிச்சு ஒரே ஒரு போன், அவ்வளவு தான். பதில் சொல்லாதவங்களுக்கு போன் பண்ணி ஞாபகப்படுத்துனா ஆள் சேர்றது கூடுதுன்னு, பல ஆய்வுகள சேத்து அலசுற காக்ரேன் அமைப்போட தொகுப்புலயே இருக்கு.

சரின்னு சொன்னதும் எந்த பஸ், கூட யாரு வர்றாங்கன்னு கேட்டு கார்டுல "செவ்வாய், 6.40 பஸ், மகன் கூட"ன்னு எழுதிக் குடுத்தாங்க. வெறும் வயித்துல ரத்தம் எடுத்த ஒடனே இட்லி, பஸ் காசு கையோட. ஆள் வரலைன்னா ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லன்னு சொல்றத விட்டுட்டு வழில இருக்குற கல்ல எடுத்துப் போட்டாலே போதும். இங்கிலாந்துல கொரோனா நேரத்துல எந்த மருந்து வேல செய்யுதுன்னு பாத்த ரெகவரி ட்ரையல் அப்படித்தான், வார்டுலயே சுருக்கமான ஃபார்ம், டாக்டருக்கும் எழுத்து வேல கம்மி, ஆயிரக்கணக்குல சேந்தாங்க, 2020 ஜூன்லயே டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு மருந்து உயிரக் காப்பாத்துதுன்னு தெரிஞ்சு போச்சு.

கொறன்னா, ஃபார்ம் இன்னும் 18 பக்கம், அந்த காசு சுண்டிப் பிரிக்கிறத "சீரற்ற ஒதுக்கீடு"ன்னு போட்டா யாருக்குப் புரியும், முன்னாடி ஒரு பக்கம் பேச்சுத் தமிழ்ல வைக்கலாம். ரெண்டாவது விசிட்ல ஈசிஜிக்கு ரெண்டு மணி நேரம் காக்க வச்சது அப்பாவுக்கு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

எந்த ட்ரையலுக்குப் போனாலும் சிடிஆர்ஐ (இந்தியாவுல நடக்குற ட்ரையல்களப் பதிவு பண்ற பதிவேடு) நம்பர் கேட்டு நெட்ல பாத்துக்கோங்க, ஃபார்ம வீட்டுக்கு குடுக்க மாட்டோம்னா எந்திரிச்சு வந்துருங்க.