இணையதளம் செய்து வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: டெம்ப்ளேட்டுக்குள் ஒளிந்திருந்த வரிக் கணக்கு

வீட்டில் மிக்சர், சேவு போட்டு பாக்கெட்டில் விற்கிறோம். ஆன்லைனிலும் விற்க, ஒரு சிறு நிறுவனத்திடம் 85,000 ரூபாய் கொடுத்து இணையதளம் செய்து வாங்கினோம். பைத்தான் மொழியில், பிளாஸ்க் என்ற இணையதளக் கட்டமைப்பில் எழுதியது. பக்கங்களுக்கு ஜிஞ்சா டெம்ப்ளேட், அதாவது பெயர், விலை எல்லாம் வந்து உட்காரும் பக்க அச்சு. பார்க்க நன்றாகவே இருந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் மிக்சருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மாற்றச் சொன்னோம். "முடிஞ்சது சார்" என்றார்கள். பொருள் பக்கத்தில் 5, கூடையிலும் 5. மின்னஞ்சலில் போகும் பில்லில் மட்டும் பழைய 12. நான்கு நாள் கழித்து ஓர் அக்கா போன் செய்து, "தம்பி, நான் கட்டினது ஒண்ணு, பில்லுல இருக்கிறது ஒண்ணு" என்றார். அவமானமாகிவிட்டது. தப்பாகப் போன ஒவ்வொரு பில்லுக்கும் கிரெடிட் நோட் (பில்லில் கூடுதலாகக் காட்டியதைக் குறைக்கும் சீட்டு) போட வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார்.

எனக்குக் கொஞ்சம் பைத்தான் தெரியும். கோப்புகளைத் திறந்தால், 0.12 (அதாவது 12 சதவீதம்) என்ற எண் டெம்ப்ளேட்டுகளுக்குள் ஒன்பது இடங்களில் இருந்தது. அவர்கள் மாற்றியது போக மிச்சம் இது! ஒவ்வொரு பக்கமும் தானே விலையைப் பெருக்கி, தள்ளுபடி கழித்து, வரி கூட்டுகிறது. பைசாவை முழுமையாக்கும் விதம்கூட பக்கத்துக்குப் பக்கம் வேறு.

கேட்டதற்கு, "ஜிஞ்சா அப்படித்தான் சார், தனித்தனியாத்தான் மாத்தணும்" என்று 15,000 ரூபாய் கேட்டார்கள். இது பொய். ஜிஞ்சாவில் பெருக்க முடியும், அதற்காக அங்கே பெருக்க வேண்டியதில்லை. ஜாங்கோ என்ற இன்னொரு பைத்தான் கட்டமைப்பின் டெம்ப்ளேட் மொழியில் பெருக்கல் குறியே கிடையாது. டெம்ப்ளேட் காட்டுவதற்கு மட்டும் என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

நானே உட்கார்ந்து தள்ளுபடி, வரி, மொத்தம் மூன்றையும் ஒரே பைத்தான் பங்ஷனுக்குள் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) கொண்டுபோனேன். கூடையும் பில்லும் அது தரும் எண்ணை அப்படியே அச்சிடுகின்றன, அவ்வளவுதான். இரண்டு சனி ஞாயிறு பிடித்தது.

அப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. வாடிக்கையாளர் எழுதும் டெலிவரி குறிப்புக்கு 'சேஃப்' (safe) பில்டர் போட்டிருந்தார்கள். எழுதியதை வெறும் எழுத்தாகவே காட்ட பிளாஸ்க் தானாகத் தரும் பாதுகாப்பை அது எடுத்துவிடும். யாராவது அந்தக் குறிப்பில் ஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் நிரல்) எழுதியிருந்தால், ஆர்டர் பார்க்கும் எங்கள் பிரவுசரிலேயே ஓடியிருக்கும்.

கடைசித் தவணை கொடுக்கும் முன் இணையதளத்தின் புரோகிராம் கோப்புகளை வாங்குங்கள். டெம்ப்ளேட் போல்டரில் பெருக்கல் குறியையும் (*) 'safe' என்பதையும் தேடுங்கள். "விலைக் கணக்கு எந்தக் கோப்பில்?" என்று கேளுங்கள், ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். நாங்கள் அந்தக் கோப்புகளைப் பார்க்காமலே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம். அந்த 15,000 மட்டும் கொடுக்கவில்லை.