தடித்த தோலுள்ள மூக்குக்கு ரைனோபிளாஸ்டி: மூன்று வருடம் கழித்து என் அனுபவம்

தடித்த தோலுள்ள மூக்குக்கு ஆபரேஷன் செய்தால் மூக்கு சின்னதாகிவிடும் என்று நம்பிப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்னதாகாது. வடிவம் சீராகும், பக்கவாட்டுத் தோற்றம் நன்றாகவே மாறும், நுனி ஓரளவு தெளியும். அவ்வளவுதான். எனக்குச் செய்து மூன்று வருடம் தாண்டிவிட்டது, மனநிறைவோடு இருக்கிறேன். அதற்குப் பாதிக் காரணம் டாக்டரின் கைத்திறமை. எது வரும், எது வராது என்று முன்கூட்டியே அவர் உடைத்துச் சொன்னது மீதிப் பாதி.

என் மூக்கு அப்பா வழி மூக்கு. தண்டின் நடுவில் ஒரு மேடு, கீழே உருண்டு திரண்ட நுனி, தோலில் கண்ணுக்குத் தெரிகிற நுண்துளைகள். காலையில் பவுடர் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனால் பதினோரு மணிக்குள் நுனி மட்டும் எண்ணெய் பூசியதுபோல் மின்னும். உங்கள் தோல் தடிப்பா மெலிவா என்பதை ஓரளவுக்கு வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நுனியை மெதுவாகக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே குருத்தெலும்பின் விளிம்பு தட்டுப்படாமல் சதைதான் மெத்தென்று பிடிபடுகிறது என்றால் தோல் தடிப்பு. டாக்டரும் முதலில் அதைத்தான் செய்து பார்த்தார்.

மூக்கின் தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. இரு கண்களுக்கு நடுவே சற்றுத் தடிப்பு, தண்டின் நடுப்பகுதியில் மெலிவு, நுனிக்கு வரும்போது மறுபடியும் தடிப்பு. தண்டில் இருக்கும் மேட்டைச் செதுக்கினால் சீக்கிரமே தெரிவதும், நுனியில் செய்த வேலை லேசில் தெரியாததும் இதனால்தான். கட்டில் மேல் மெல்லிய வேட்டியை விரித்தால் சட்டத்தின் விளிம்பு அப்படியே தெரியும், ஜமக்காளத்தை விரித்தால் கட்டில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். டாக்டர் செதுக்குவது சட்டத்தை. மேலே இருக்கும் ஜமக்காளம் பழையதேதான்.

சட்டத்தை இன்னும் நிறையக் குறைத்தால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தடித்த தோல் அந்த அளவுக்குச் சுருங்கிக்கொடுக்காது. அடியில் உண்டாகும் வெற்றிடத்தில் தழும்புத் திசு வளர்ந்து அடைத்துக்கொள்ளும். நுனிக்குச் சற்று மேலே புடைத்து, பக்கவாட்டில் பார்த்தால் கிளி அலகுபோல் வளைந்து நிற்கும். பாலிபீக் என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். ஆகவே இந்த வகை மூக்கில் நல்ல சர்ஜன் வெட்டி எடுப்பதைவிட, உள்ளே முட்டுக் கொடுத்து நிமிர்த்துவதைத்தான் அதிகம் செய்வார்.

முடிவு செய்வதற்கு முன் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கேட்டேன். ஓரிடத்தில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் என் படத்தை ஏற்றி, மூக்கை ஒடுக்கி, நுனியைக் கூராக்கிக் காட்டினார்கள். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. "என் தோல் தடிமனா இருக்கே, இவ்வளவு வருமா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் டாக்டர் பாத்துப்பாங்க மேடம்" என்று பேக்கேஜ் விலைக்குப் போய்விட்டார் அங்கே படம் காட்டிய பெண். நான் திரும்பிப் போகவில்லை. படத்தில் கோடு இழுக்கும்போது தோலின் தடிமன் குறுக்கே வருவதில்லை.

கடைசியில் ஆபரேஷன் செய்தவர் படம் எதுவும் வரைந்து காட்டவில்லை. "பாருங்கம்மா, உள்ள இருக்கறதை நான் மாத்தலாம், மேல இருக்கற தோலை மாத்த முடியாது. உங்களுக்கு நுனியைக் கொஞ்சம் முன்னாடி தூக்கி நிறுத்தணும்" என்றார்.

"முன்னாடி தூக்கினா இன்னும் பெருசா தெரியாதா டாக்டர்?"

"தெரியாதும்மா. தோல் இழுத்துப் பிடிச்சு நின்னாத்தான் உருவம் தெரியும். தொளதொளன்னு விட்டா உருண்டையாவே இருக்கும்."

பிறகு, என்னைப்போல் தோல் உள்ள ஒருவரின் படங்களை, அவர் அனுமதியோடு கண்களை மறைத்து வைத்திருந்தவற்றைக் காட்டினார். முதல் மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம். முதல் மாதப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். அதையும் மறைக்காமல் காட்டினாரே, அப்போதுதான் இவரிடமே செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன்.

எனக்குச் செய்தது ஓப்பன் முறை. இரண்டு நாசித் துவாரங்களுக்கு நடுவே உள்ள சதையில் சிறு வெட்டுப் போட்டு, தோலைத் தூக்கி வேலை செய்வார்கள். மேட்டைச் செதுக்கி, மூக்கை உள்ளே இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவரிலிருந்து குருத்தெலும்பு எடுத்து நுனிக்கு முட்டுக் கொடுத்தார். அது போதாமல் காதிலிருந்தும் கொஞ்சம் எடுத்தார். மூக்கைவிடக் காதுதான் எனக்கு அதிகம் வலித்தது, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவே முடியவில்லை. மூக்கு மடல்களையும் குறைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். நுனி உயர்ந்தால் மடல் தானாகவே சற்று ஒடுங்கும், தேவையென்றால் பிறகு பார்க்கலாம், நம் நிறத் தோலில் அங்கே தழும்பு விழுந்தால் பளிச்சென்று தெரியும் என்று தள்ளிவைத்துவிட்டார். பிறகு அது தேவைப்படவே இல்லை.

ஒரு வாரம் கழித்து, மூக்கு அசையாமல் இருக்க மேலே வைத்திருந்த ஸ்பிளிண்ட் என்ற கெட்டியான கவசத்தை எடுத்தார்கள். மூக்கு பழையதைவிடப் பெரிதாக, நுனி மேலே தூக்கிக்கொண்டு, தோல் உரிந்து பளபளவென்று இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னடி இது, முன்ன இருந்ததே தேவலையே" என்றார். கண்ணுக்குக் கீழே இருந்த கருநீலம் இரண்டு வாரத்தில் போய்விட்டது. ஆபீஸ் போகிற அளவுக்கு முகம் தேறியும் விட்டது. ஆனால் நுனி வீக்கத்தின் கதை வேறு.

வீக்கம் மேலிருந்து கீழாக வடியும். மூன்று மாதத்தில் தண்டு நேராகி, பக்கவாட்டில் யார் பார்த்தாலும் சொல்லும்படி மாறிவிட்டது. நுனி மட்டும் கல்போல் கெட்டியாக, தொட்டால் உணர்ச்சியில்லாமல், உருண்டையாகவே நின்றது. எல்லாவற்றையும்விடக் கஷ்டமான காலம் இந்த மூன்றாவது மாதத்திலிருந்து ஒரு வருடம் வரைதான். காலையில் ஒரு மூக்கு, சாயங்காலம் ஒரு மூக்கு. முந்தின நாள் ராத்திரி கருவாடோ ஊறுகாயோ தூக்கலாகச் சாப்பிட்டிருந்தால் மறுநாள் எழுந்ததும் நுனி தடித்திருக்கும். வெயிலில் அலைந்தாலும் அப்படித்தான். சிரித்தால் மேலுதடு இறுக்கிப் பிடித்தது, முன்புபோல் சிரிப்பு விரியவில்லை. அது சில மாதங்களில் சரியாகிவிட்டது.

மெலிந்த தோலுக்குச் சுமார் ஒரு வருடத்தில் முடிகிற விஷயம், தடித்த தோலுக்கு ஒன்றரை, இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும். இதை யாராவது முன்பே சொல்லாவிட்டால் ஆறாவது மாதத்தில் "கெடுத்துவிட்டார்கள்" என்று இன்னொரு டாக்டரைத் தேடி ஓடத் தோன்றும். திருத்த ஆபரேஷனுக்குக் குறைந்தது ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள், நம் தோலுக்கு அதைவிடக் கூடுதல். வீங்கியிருக்கும் மூக்கை மறுபடி திறந்தால் தழும்பு மேல் தழும்புதான் சேரும்.

இடையில் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இரவில் மூக்கின் மேல் டேப் ஒட்டிப் படுத்தேன், நுனிக்கு மேல் தோல் அடங்கி ஒட்ட அது உதவும் என்றார்கள். எண்ணெய்த் தோலில் டேப் நிற்காது, சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். நுனிக்கு மேலே புடைப்பு நின்றபோது டாக்டர் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை மிகச் சிறிய அளவில், இடைவெளி விட்டுப் போட்டார். என் விஷயத்தில் நன்றாகப் பலித்தது. அளவு மிஞ்சினால் அந்த இடம் மெலிந்து குழியாகிவிடும் என்பதால் நாமாகக் கேட்டு வாங்குகிற ஊசியல்ல இது. சிலருக்குத் தோல் டாக்டர் மேற்பார்வையில் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கொடுக்கிறார்கள், எண்ணெய்ச் சுரப்பைக் குறைக்கும். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் அதைத் தொடவே கூடாது, வயிற்றுக் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கும். அக்கம்பக்கத்தில் யாரோ சாப்பிட்டார்கள் என்று மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள்.

மூக்குத்தி பற்றி நிறையப் பெண்கள் கேட்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் கழற்றத்தான் வேண்டும். எனக்குச் சின்ன வயதில் குத்திய துவாரம், அதனால் முழுதாகத் தூர்ந்துவிடவில்லை. டாக்டர் சரி சொன்ன பிறகு மெல்லிய ஒற்றைக்கல்லை மாட்டினேன். கண்ணாடி போடுகிறவர்கள் முதல் சில வாரங்கள் தண்டின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போட்டோ விஷயத்தில் கவனமாக இருங்கள். முகத்துக்கு ஓரடி தள்ளிப் பிடித்து எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடித் தெரியும். 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கணக்குப் போட்டே காட்டினார்கள். நான் ஹால் ஜன்னல் பக்கத்தில் ஒரே இடத்தில் நின்று, தம்பியை ஐந்தடி தள்ளி நின்று எடுக்கச் சொன்னேன், மாதம் ஒருமுறை மட்டும். வளர்ச்சியை அந்தப் படங்களில்தான் கண்டேன், கண்ணாடியில் அல்ல.

இன்றைய நிலவரம்: பக்கவாட்டில் மேடு இல்லை, தண்டும் நுனியும் ஒரே சீராக ஓடுகின்றன. நடுச்சுவர் கோணலையும் அப்போதே சரிசெய்ததால் இரவில் வாயால் மூச்சு விடுவது நின்றது. இது நான் பெரிதாக எதிர்பார்க்காத லாபம். நேர் முகத்தில் மாற்றம் கொஞ்சம்தான். விளம்பரப் படங்களில் வருவதுபோல் நுனியில் வெளிச்சக் கோடுகள் விழவில்லை, விழவும் விழாது. தோலின் நுண்துளைகளும் எண்ணெயும் அப்படியே இருக்கின்றன. சொந்தக்காரர்களில் பலர் "மெலிஞ்சிட்டியா?" என்று கேட்டார்களே தவிர மூக்கைக் கண்டுபிடிக்கவில்லை. என் முகம் என் முகமாகவே இருப்பதில் எனக்குச் சந்தோஷம்.

கத்தி வேண்டாம், தோலுக்கு அடியில் ஜெல் ஏற்றும் ஃபில்லர் ஊசி போதும் என்பவர்களுக்கு ஒன்று: அது சதையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. இரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம், பார்வைகூடப் போகலாம். ஏற்கெனவே தடித்த நுனிக்கு அதனால் பயன் குறைவு.

செலவைப் பொறுத்தவரை, அழகுக்கான பகுதிக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. என் பில்லில் அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் இருந்தது. மூச்சுத் தடைக்காக நடுச்சுவரைச் சரிசெய்வதற்குச் சில பாலிசிகளில் வரும், தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்தி மகள் அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கப் போகிறாள். அவளிடம் சில கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் என்ற சிறப்பு மேற்படிப்பு படித்தவரா, அல்லது மூக்கு ஆபரேஷனிலேயே அனுபவமுள்ள ஈஎன்டி சர்ஜனா? என் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறீர்கள்? முட்டுக்குக் குருத்தெலும்பு எங்கிருந்து எடுப்பீர்கள்? என்னைப்போல் தோல் உள்ளவர்களின் இரண்டு வருடப் படம் இருக்கிறதா? திருத்தம் தேவைப்பட்டால் அந்தச் செலவு யாருடையது? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால் அட்வான்ஸ் கட்டாமல் வந்துவிடு என்றும் சொல்லியிருக்கிறேன்.