சபை கூடி முடிப்பதா, கோயிலுக்குக் கோயில் விடுவதா?

யாழ்ப்பாணத்தில் மாதா கோயிலும் வைரவர் கோயிலும் அடுத்தடுத்து இருக்கும். ஆனால் கொள்கையில் பிணக்கு வந்தால் இரண்டு பக்கமும் அதைக் கையாளும் விதமே வேறு.

கத்தோலிக்கரிடம் வழி நேரானது. ஆயர்கள் சங்கம் கூடி முடிவெடுப்பார்கள். 325இல் நிசேயா நகரில் கூடி, மகனாகிய இயேசு தந்தையாகிய கடவுளோடு ஒரே பொருளானவர் என்று முடித்தார்கள். ஞாயிறு பூசையில் இன்றும் அதையே அறிக்கையிடுகிறார்கள். இந்த உறுதிக்கு விலையும் உண்டு. 1870இல் பாப்பரசரின் தவறா வரம் (விசுவாசத்திலும் ஒழுக்கத்திலும் அவர் முடிவாகப் போதிப்பது பிழைக்காது என்பது) அறிவிக்கப்பட்டபோது, ஏற்காத சிலர் வெளியேறிப் ‘பழைய கத்தோலிக்கர்’ ஆனார்கள்.

சைவத்தில் அப்படிக் கூடித் தீர்க்க ஒரு சபையே இல்லை. முத்தியில் உயிர் சிவனோடு ஒன்றாகிவிடுமா, வேறாக நின்று இன்பம் நுகருமா? கேள்வி இன்னும் நடக்கிறது. கோயில் வழக்கத்திலும் இதே கதைதான். சைவத்தை வளர்த்த அறிஞர் ஆறுமுக நாவலர் நல்லூரிலேயே பிறந்தவர். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகமப்படி, அதாவது கோயில் விதி சொல்லும் நூல்களின்படி, இல்லை என்று எழுதிக் கண்டித்தவரும் அவர்தான். மூலஸ்தானத்தில் விக்கிரகத்துக்குப் பதில் வேல் இருப்பதும் அவருக்கு ஒப்பவில்லை. சரி, என்ன ஆனது? வேல் இன்றும் அங்கேதான்; கோயிலுக்குப் பக்கத்திலேயே நாவலருக்கு மணிமண்டபமும் எழுந்தது! தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் வாய்கட்டி, மந்திரமில்லாமல் பூசை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆகமப் பூசை. இரண்டுக்கும் காவடி எடுப்பது அதே சனம்.

எது நிலையானது என்றால், சொற்களைக் காப்பதில் சங்கம் கெட்டி. பிரியாமல் சண்டை பிடிப்பதில் என் ஓட்டு சைவத்துக்கு.