ஒரே எஞ்சின்தானே என்று சொல்லி விற்ற குழாய்

வேறொரு மாடலுக்காகச் செய்த, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் குழாயைத் தன் காரில் மாட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். பல வருடங்களாக அப்படியொன்றை மாட்டி ஓட்டுகிறேன் என்பதால் என்னிடம் கேட்டது சரிதான். மாட்டலாம். என் சிறிய ஹேட்ச்பேக்கில் இருப்பது ஒரு பெரிய செடானுக்காகச் செய்த அலுமினியக் குழாய். இரண்டிலும் ஒரே எஞ்சின். இரண்டின் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொன்னால், தன் கார் அதில்லை என்று பாதிப் பேர் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். விஷயமோ பல கார்களுக்கும் பொது.

குழாய், எஞ்சினுக்குள் காற்று நுழையும் வாயிலான த்ராட்டில் பாடி வரை எட்டியது. சிலிகான் ஹோஸ் ஏறியது, கிளாம்ப் இறுகியது, பானட் மூடியது. என் ஆத்திரமெல்லாம் ஒரு விரல் நீளத்துக்கும் குறைவான ஓர் இடத்தின் மேல்தான். அது மாஃப் சென்சார் உட்காரும் இடம்.

எஞ்சினுக்குள் போகும் காற்றின் நிறையை அளப்பது அந்த சென்சார். அதனுள்ளே சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். கடந்து போகும் காற்று அதைக் குளிரவைக்கும். அதன் சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்து வினாடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்று எஞ்சினின் கணினியான இசியு கணக்கிடும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் கம்பி குழாயில் போகும் மொத்தக் காற்றையும் பார்ப்பதில்லை. குழாயின் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு, தன் சிறு துவாரத்தில் நுழையும் காற்றை மட்டுமே பார்க்கிறது. மீதி எவ்வளவு என்பது இசியுவுக்குள் எழுதி வைத்த அட்டவணை சொல்லும் ஊகம். அந்த ஊகம், கம்பெனி கொடுத்த குழாயின் உள்விட்டத்துக்காகச் செய்யப்பட்டது. விட்டம் மாறினால் அட்டவணை பொய்யாகிவிடும்.

எவ்வளவு பொய் என்பதற்குக் கணக்கு எளிது. என் காரின் அசல் குழாயில் சென்சார் இருக்குமிடத்தில் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். வாங்கிய குழாயில் 76. வெர்னியர் வைத்து அளந்தது. கண்ணுக்கு ஆறு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. ஆனால் காற்று போவது பரப்பின் வழியே. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 76-ஐ 70-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.18 வரும். அதாவது சென்சார் பழைய அளவையே சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே 18 சதவீதம் கூடுதலாகக் காற்று போகிறது. இசியு பழைய அளவுக்கான பெட்ரோலையே தெளிக்கிறது. பெட்ரோலின் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு இருக்க வேண்டிய கலவை 17-ஐத் தாண்டி மெலிந்துவிடுகிறது.

கார் உடனே நின்றுவிடாது. அதுதான் இதன் வஞ்சகம். சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கலவை மெலிந்ததைக் கண்டுபிடித்துச் சொல்லும்; இசியு பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிச் சமாளிக்கும். எவ்வளவு கூட்டுகிறது என்பதைத்தான் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண் காட்டும். அந்தக் கணினியின் எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியைச் செருகிப் பார்த்தால், நீண்டகால ட்ரிம் கணக்கில் வந்த அதே 18-ஐச் சுற்றியே நின்றது. பல கார்களில் இந்தச் சமாளிப்பு 25 சதவீதத்தை ஒட்டித் தன் எல்லையைத் தொடும். அதன் பிறகு, கலவை மெலிந்தது என்று சொல்லும் பி0171 என்ற பிழைக் குறியீடும் செக் எஞ்சின் விளக்கும் வரும். எல்லையைத் தொடவில்லை என்பதால் விளக்கு எரியவில்லை. விளக்கு எரியாததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று விற்றவர் சாதித்தார்.

சரியாக இல்லை. ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது பெரும்பாலான இசியுக்கள் சாதாரண ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை. அட்டவணையை நம்பியே பெட்ரோல் கொடுக்கும். ஏற்கெனவே கற்ற திருத்தத்தைச் சில கார்கள் அங்கேயும் சேர்த்துக்கொள்ளும், சில சேர்க்காது. சேர்க்காத காரில், எஞ்சினுக்கு மிக அதிகமாகப் பெட்ரோல் தேவைப்படும் நேரத்தில்தான் கலவை மெலிந்திருக்கும். கலவை முறை தப்பி வெடிக்கும் நாக்கிங், உருகும் பிஸ்டன் என்று பெரிய செலவுகள் தொடங்குவது அங்கேதான்.

"எங்கேயாவது காற்று லீக் ஆகும், கிளாம்பை இறுக்கிப் பாருங்கள்" என்பது விற்றவரின் இரண்டாவது பதில். இதைக் கேட்டு எத்தனை பேர் கிளாம்பை இறுக்கி இறுக்கி ஹோஸைக் கிழித்திருப்பார்களோ! லீக்கையும் விட்டத் தவறையும் பிரித்தறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. சென்சாருக்குப் பின்னால் கள்ளத்தனமாகக் காற்று நுழைந்தால், ஐட்லிங்கில்தான் ட்ரிம் மிக உயர்ந்து நிற்கும். அங்கே எஞ்சினின் மொத்தக் காற்றே குறைவு, திருட்டுக் காற்று அதில் பெரும் பங்கு. ஆர்பிஎம்மை 2500-க்கு ஏற்றிப் பிடித்தால் மொத்தக் காற்று பெருகி, திருட்டின் பங்கு சுருங்கி, ட்ரிம் இறங்கும். விட்டத் தவறு அப்படியில்லை. அது எல்லா வேகத்திலும் ஏறக்குறைய அதே சதவீதத்தில் கூடவே வரும். என் காரில் ஐட்லிங்கிலும் 18, 2500-லும் 18. கிளாம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு மாடலின் இன்டேக் இன்னொன்றில் அச்சுப் பிசகாமல் உட்காரும் குடும்பங்களும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2012 முதல் கொண்டுவந்த எம்க்யூபி என்ற பொது அடித்தளத்தில் கோல்ஃப், ஆடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியா, சீட் லியோன் என்று பல கார்கள் உண்டு. அவற்றில் இஏ888 என்ற எஞ்சின் வைத்தவற்றுக்கு ஒரே இன்டேக்கை எல்லாப் பெயரும் போட்டு விற்பார்கள், அதில் பொய்யில்லை. எஞ்சின் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள அறையும் அங்கே ஏறக்குறைய ஒன்று. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார் என்றாலும் குழாயின் விட்டம் பற்றிய இந்தத் தலைவலி இல்லை. வெப்பநிலை சென்சாருக்கு ஓர் இடம் கிடைத்தால் போதும். என் ஆத்திரம் மாஃப் சென்சார் உள்ள காருக்கு, எஞ்சின் ஒன்று என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, உள்விட்டத்தைப் பெட்டியின் மேல் அச்சடிக்காமல் விற்பவர்கள் மீது. நீளம் இருக்கிறது, எடை இருக்கிறது, எத்தனை குதிரைசக்தி கூடும் என்று கூட இருக்கிறது. தேவையான அந்த ஒரே எண் மட்டும் இல்லை.

குழாயைத் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட்டும் கதைதான். செடானில் அது பிடித்துக்கொள்ளும் போல்ட் என் காரில் கிடையாது. பிடிப்பில்லாத குழாய் த்ராட்டில் பாடியில் தொங்கி, எஞ்சின் அசையும்போதெல்லாம் பேட்டரித் தட்டின் விளிம்பில் உரசியது. ரப்பர் மவுண்ட் வைத்த ஒரு பிராக்கெட்டை வளைத்துப் போட்டதும் தீர்ந்தது. காரின் பாடியோடு இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. நடுவில் ரப்பர் இல்லையென்றால் ஏதாவது ஒன்று விரிசல் விடும்.

விட்டத்துக்கு இரண்டு தீர்வுகள். இசியுவின் மாஃப் அட்டவணையையே புதிய குழாய்க்குத் திருத்தி எழுதலாம். அதற்கு ட்யூனிங் தெரிந்தவர் வேண்டும், முழு ஆக்சிலரேட்டரில் கலவையை அளக்க வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது லேத் பட்டறையை. வெளிவிட்டம் 76, உள்விட்டம் 70 என்று மூன்று மில்லிமீட்டர் சுவருள்ள ஓர் அலுமினிய வளையத்தைக் கடைந்து வாங்கிக் குழாய்க்குள் செலுத்தினேன். சென்சாருக்கு முன்னும் பின்னும் அது நீண்டிருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். காற்று நுழையும் பக்கத்து விளிம்பைப் படியாக விடாமல் சரிவாகக் கடையச் சொன்னேன். படி இருந்தால் காற்று அங்கே சுழலும், சுழல் நேராகக் கம்பியின் மேல் போய் விழும். சென்சார் நுழையும் துளையை வளையத்திலும் அதே அளவில் அறுத்து, அதன் சிறு துவாரம் காற்று வரும் திசையைச் சற்றும் கோணாமல் பார்க்கும்படி வைத்துப் பூட்டினேன். இந்தக் கோணத்தை அலட்சியமாக நினைக்காதீர்கள். குழாயைக் கொஞ்சம் முறுக்கி மாட்டினாலே ட்ரிம் நகர்வதை ஓபிடி திரையில் பார்க்கலாம்.

வளையம் போட்ட பிறகு ட்ரிம் பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று சதவீதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோதான். இன்றுவரை அங்கேயே நிற்கிறது. ஃபில்டர் உட்காரும் அசல் பெட்டியான ஏர் பாக்ஸோடு கார் எப்படி இருந்ததோ அதே எண்கள்.

அப்படியானால் பெரிய குழாய் எதற்கு என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. சக்தி கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். டர்போ இல்லாத சாதாரண எஞ்சினில் கம்பெனி ஏர் பாக்ஸ் அவ்வளவு பெரிய தடையே இல்லை.

ஆனால் அந்தச் சத்தம்! அதை எழுதாமல் விட்டால் இந்தக் குழாய்க்கு நான் துரோகம் செய்தவனாவேன். இன்டேக் வால்வு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை குழாய் வழியே பின்னோக்கி ஓடிவரும். கார் கம்பெனிகள் அதை அமுக்குவதற்கென்றே இன்டேக்கின் பக்கத்தில் வெற்றுப் பெட்டி ஒன்றைத் தொங்கவிடுகின்றன. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனேட்டர் என்று பெயர், 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானியின் பெயரால் வழங்குவது. குறிப்பிட்ட ஒரு சுருதியை மட்டும் தேடிப் பிடித்து விழுங்கும் பெட்டி அது. இந்தக் குழாயில் அது இல்லை. 3000 ஆர்பிஎம் தாண்டும்போது, பாதி அழுத்திய ஆக்சிலரேட்டரில், முன்பக்கத்திலிருந்து அடித்தொண்டைக் குரல் ஒன்று எழுந்து 4500 வரை ஏறுகிறது. சைலன்சர் மாற்றிய கார்களின் அலறல் வேறு. அது தெருவுக்குக் கேட்பது. இது ஓட்டுகிறவனுக்கு மட்டும் கேட்பது. மெதுவாகப் போனால் அடங்கிக் கிடக்கும், கேட்டால் பதில் சொல்லும். இத்தனை வருடம் ஆகியும் மேட்டில் கியரைக் குறைக்கும்போது அதற்காகக் காது காத்திருக்கிறது.

வெயிலில் நெரிசலில் நின்றால் மட்டும் மறுபடி கோபம் வருகிறது. அசல் பெட்டி கிரில்லின் பின்னாலிருந்து வெளிக்காற்றை இழுத்தது. இந்த ஃபில்டர் உட்கார்ந்திருப்பது எஞ்சின் அறைக்குள்ளேயே. ஓடும்போது வித்தியாசம் சொற்பம். நின்றால் உள்வரும் காற்றின் வெப்பநிலை ஓபிடி திரையில் ஏறிக்கொண்டே போகிறது. காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். சிக்னல் விழுந்து முதல் சில நூறு மீட்டருக்கு கார் மந்தமாகத்தான் நகர்கிறது. தடுப்புத் தகடு ஒன்று வைத்ததில் கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. ஃபில்டரைக் கீழே பம்பருக்குப் பின்னால் இறக்கும் நீளக் குழாய்கள் குளிர்ந்த காற்றை எடுக்கும். ஆனால் தேங்கிய நீரில் ஃபில்டர் மூழ்கினால் எஞ்சின் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். மழைத் தண்ணீரில் ஓட்டுகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஃபில்டருக்கு எண்ணெய் பூசும் வகை என்றால் இன்னொரு எச்சரிக்கை. அளவுக்கு மிஞ்சிப் பூசினால் அந்த எண்ணெய் பறந்து மாஃப் கம்பியில் படிந்து மறுபடியும் தப்பான அளவு வரும். அந்த சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். நான் எண்ணெய் இல்லாத வகைக்கு மாறிவிட்டேன்.

எனவே நண்பருக்கு: உங்கள் அசல் குழாயில் சென்சார் இருக்குமிடத்தின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். விற்பவரிடம் அதே இடத்தின் உள்விட்டத்தைக் கேளுங்கள். தெரியாது என்றாலோ, ஒரே எஞ்சின்தானே என்று ஆரம்பித்தாலோ, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எண் சரியாக இருந்தாலும், வெயிலில் நெரிசலில் தினமும் நிற்பவரான உங்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கம்பெனி ஏர் பாக்ஸ் எல்லா வகையிலும் மேலான பொருள். என்னுடையது பரணில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்து மாட்டும் எண்ணம் எனக்கு இல்லை.