கார் எஞ்சின் அறையில் ஸ்ப்ரே பெயிண்ட்: சூடு ஒன்றும் செய்யவில்லை, பிரேக் ஆயில்தான் உரித்தது

பானட்டுக்கு உள்ளே ஸ்ப்ரே கேனால் நாமே பெயிண்ட் அடித்தால் நிற்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். என் காரில் நானே அப்படி அடித்தவன்தான். போன வாரம் கேட்டிருந்தால் தாராளமாக அடியுங்கள் என்று சொல்லியிருப்பேன். இப்போது பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) மாற்றி வண்டி வந்திருக்கிறது. அந்தச் சிலிண்டருக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, பெயிண்ட் சுருங்கி, குமிழ் விட்டு, நகத்தால் தொட்டாலே தோலாக உரிகிறது. அந்தக் கடுப்போடுதான் எழுதுகிறேன், கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கேட்பது சூட்டைப் பற்றி. சூட்டால் என் பெயிண்டுக்கு எதுவும் ஆகவில்லை. ஃபயர்வால் (எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகரச் சுவர்), ஸ்ட்ரட் டவர் (முன்சக்கர சஸ்பென்ஷனின் மேல்முனை உட்காரும் மேடு), ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் பட்டை எல்லாம் அடித்த நாளில் இருந்த மாதிரியேதான் இருக்கின்றன. மஞ்சளிக்கவில்லை, வெடிக்கவில்லை. எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குத்தான் பல நூறு டிகிரி தாங்கும் தனி பெயிண்ட் வேண்டும். சுற்றியுள்ள தகரத்துக்கு பாடிக்கு அடிக்கும் சாதாரண பெயிண்டே போதும்.

எதிரி சூடு இல்லை, திரவம். கடைகளில் கிடைக்கும் கேன்களில் பெரும்பாலானவை 1கே வகை, அதாவது இறுக்கும் ரசாயனம் தனியாகக் கலக்காதவை. உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போய்விட்டால் மிச்சம் இருப்பதுதான் பெயிண்ட். அதன்மேல் மறுபடி ஒரு கரைப்பான் பட்டால் இளகிவிடும். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயிலில் கிளைகால் ஈதர் இருக்கிறது. பெயிண்ட் உலகில் அதுவே ஒரு கரைப்பான். அப்புறம் என்ன நடக்கும்? கம்பெனி பெயிண்ட் தொழிற்சாலை அடுப்பில் சுமார் 140 டிகிரியில் சுட்டு இறுக்கியது, அதனால் கொஞ்ச நேரமாவது தாக்குப்பிடிக்கும். வீட்டு வாசலில் வெயிலில் காய்ந்ததற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மேலே 2கே கிளியர் கோட், அதாவது ஹார்டனர் என்ற இறுக்கும் ரசாயனம் கலந்த நிறமில்லாப் பூச்சு, அடித்திருக்கலாமே என்பீர்கள். கேனின் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஹார்டனர் உள்ளே கலக்கும். அதற்குப் பிறகு ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். காய்ந்தால் பெட்ரோலுக்கும் சட்டென்று அசையாது. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்கு ஆகாது, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சுத் திணறும். சாதாரணத் துணி மாஸ்க் எல்லாம் அதற்குப் பேருக்குத்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கும் இடத்தில் அதை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் அதே முடிவுதான் எடுப்பேன்.

வேலையைப் பற்றி ஒன்று மட்டும். அடிப்பது சின்ன வேலை; துடைப்பதும் மூடுவதும்தான் பெரிய வேலை. பழைய ஆயில் பிசுக்கு, ரப்பர் ஹோஸ் பளபளக்க யாரோ எப்போதோ அடித்த சிலிக்கான் ஸ்ப்ரே, இரண்டும் தகரத்தில் மிச்சம் இருந்தால் பெயிண்ட் அந்த இடத்தில் ஒதுங்கிக் குட்டிக்குட்டிக் குழியாக நிற்கும். வயர்களுக்கு டேப்பைவிட அலுமினியம் ஃபாயில் நல்லது, சுற்றி அழுத்தினால் அப்படியே நிற்கும். எர்த் வயரைத் தகரத்தோடு இணைக்கும் போல்ட் உட்காரும் இடங்களை மறக்காமல் மூட வேண்டும். பெயிண்டுக்கு மேல் எர்த் பிடிக்காது, பிறகு ஸ்டார்ட்டர் ஏன் சோர்கிறது என்று வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருப்போம்.

மூலைகளைக் கேனால் ஜெயிக்க முடியாது. அட்டையில் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கச் சொல்வார்கள். ஸ்ட்ரட் டவருக்குப் பின்னால் கை நுழைவதே பெரும்பாடு. கேனைச் சாய்த்தால் பெயிண்டுக்குப் பதில் காற்று வரும், அல்லது துப்பும். மூலையில் மோதித் திரும்பும் பெயிண்ட் காற்றிலேயே பாதி காய்ந்து விழுவதால் அங்கே மட்டும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. தூசி முதலில் அங்கேதான் ஒட்டுகிறது, துடைத்தாலும் துணியின் நூலைப் பிடித்துக்கொள்கிறது.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் உண்டு. எல்லாம் வெளிர் வெள்ளி நிறம் ஆனதும் கசிவு மறைய இடமே இல்லை. ரேடியேட்டர் ஹோஸ் கிளிப்புக்குக் கீழே பச்சையாக ஒரு கோடு, அதன் நுனியில் காய்ந்த வெள்ளைப் பொருக்கு. கூலண்ட் அளவு குறைந்ததாகவே தெரியாத நேரம் அது. பழைய கறுப்புப் பிசுக்கில் என்றால் எஞ்சின் சூடேறி நின்ற பிறகுதான் தெரிந்திருக்கும். இதற்காகவே அடித்த கூலி வந்துவிட்டது என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்தேன்.

சரி, இந்த வாரத்துக்கு வருவோம். மெக்கானிக் வேலையை நன்றாகத்தான் செய்திருக்கிறார், பிரேக் அருமையாகப் பிடிக்கிறது. ஆனால் சிந்திய ஆயிலைத் துணியால் ஒற்றி விட்டதோடு சரி. பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும். உடனே ஒரு குவளை தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். வண்டியை விடும்போதே சொல்லியும் இருந்தேன்.

ஒட்டுப் போடுவது 1கேயில் சுலபம், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதுப் பூச்சு பழையதைக் கொஞ்சம் இளக்கிக்கொண்டு ஒட்டும், ஓரம் தடித்து நிற்காது. ஆனால் மெட்டாலிக் நிறம் ஒட்டில் ஒத்துவராது. கேன் பிடிக்கும் தூரமும் அடிக்கும் வேகமும் கொஞ்சம் மாறினாலே உள்ளே இருக்கும் அலுமினியத் துகள் வேறு மாதிரி படிந்து, அந்தத் திட்டு ஒரு பக்கமிருந்து பார்த்தால் கறுத்தும் இன்னொரு பக்கம் வெளுத்தும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பானட்டைத் திறந்தால் கண் நேராக அங்கேதான் போகிறது.

ஆக, நண்பருக்கு என் பதில்: வேண்டாம். சுத்தமாகக் கழுவி, துரு வந்த இடத்தில் மட்டும் பிரைமரும் பெயிண்டும் அடித்து விட்டுவிடுங்கள். நான் இந்தத் திட்டைச் சுரண்டி, இந்த முறை மெட்டாலிக் இல்லாத சாம்பல் அடிக்கப் போகிறேன். நிறம் சேராது என்று தெரியும். சிலிண்டருக்குக் கீழே தானே, இருக்கட்டும்.