பிரிக்பீல்ட்ஸில் நான்கு சனிக்கிழமைகள்: ஒன்டாரியோ வேட்பாளர்களைப் பற்றிய ஒரு வகுப்பு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தேர்தலைப் பற்றித் தமிழிலேயே நடந்த நான்கு வார வகுப்பில் நானும் என் தங்கையும் சேர்ந்திருந்தோம். சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை நடந்த அந்த வகுப்புக்குத் தலைக்கு 120 ரிங்கிட் கட்டணம். 2025 பிப்ரவரி 27 அன்று நடந்த தேர்தலில் மூன்றாம் முறையாகப் பெரும்பான்மை பெற்ற முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் வேட்பாளர்கள் யார், அவர்களைக் கட்சி எப்படித் தெரிவு செய்தது, மக்கள் ஏன் ஏற்றுக்கொண்டார்கள் என்பதே பாடம். கொடுத்த பணத்துக்கு நிறைவான வகுப்பு என்றே சொல்வேன். ஆனால் நான்கு வாரங்களும் ஒரே தரத்தில் இருக்கவில்லை.

எங்களுக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் தங்கையின் மகள். திருமணமாகி டொராண்டோவை அடுத்த மார்க்கம் நகரில் குடியேறியவள். குடியுரிமை பெற்றபின் இதுவே அவளுக்கு முதல் மாகாணத் தேர்தல். வாக்களிப்பதற்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசியில், "பெரியம்மா, நான் ஆளைப் பார்த்துப் போடுவதா, கட்சியைப் பார்த்துப் போடுவதா?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த எனக்கு அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் சொல்லத் தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் ஜாலான் ஸ்காட் கந்தசுவாமி கோயிலைச் சுற்றியும் வாழ்ந்த யாழ்ப்பாண வழிக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று டொராண்டோப் பக்கம் உறவினர் இருக்கிறார்கள். வகுப்பில் அமர்ந்திருந்த ஏறக்குறைய இருபது பேரில் பாதிக்குமேல் என்னைப் போல யாரோ ஒரு பிள்ளையின் கேள்வியோடு வந்தவர்கள்தாம்.

முதல் வாரம் கட்சியின் பெயரோடு தொடங்கியது. முற்போக்கும் பழமைவாதமும் ஒரே பெயரில் எப்படிச் சேர்ந்தன என்ற குழப்பத்தை ஆசிரியை முதல் பத்து நிமிடத்திலேயே தீர்த்துவைத்தார். 1942இல் கனடாவின் பழமைவாதக் கட்சி, முற்போக்காளர் அணியைச் சேர்ந்த ஜான் பிராக்கனைத் தலைவராக ஏற்றபோது அவர் விரும்பியபடி பெயரையும் மாற்றிக்கொண்டது. கூட்டாட்சி அளவில் அந்தப் பெயர் 2003இல் மறைந்துவிட்டது. ஒன்டாரியோ மாகாணக் கட்சியோ அதை விடாமல் வைத்திருக்கிறது. மாகாணக் கட்சியும் தலைநகர் ஒட்டாவாவில், கூட்டாட்சி அளவில் இயங்கும் கன்சர்வேட்டிவ் கட்சியும் தனித்தனி அமைப்புகள் என்பதை இங்கே அழுத்திச் சொன்னது மிகவும் பயன்பட்டது. கோலாலம்பூரில் அமர்ந்து செய்தி படிக்கும் நாங்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணியிருந்தோம். 1943 முதல் 1985 வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் இந்தக் கட்சியே ஒன்டாரியோவைத் தொடர்ந்து ஆண்டது என்ற செய்தியைக் கேட்டு, நம் நாட்டில் நீண்டகாலம் ஒரே கூட்டணி ஆண்டதைக் கண்டவர்கள் புரிந்துகொண்டு தலையசைத்தார்கள். கட்சியை இம்மூன்று வெற்றிகளுக்கும் வழிநடத்திய டக் ஃபோர்ட் தலைவரானது 2018 மார்ச்சில். அதே ஆண்டு ஜூனில் 76 இடங்கள், 2022இல் 83, 2025இல் மொத்தம் 124இல் 80. தொடர்ந்து மூன்று பெரும்பான்மை வெற்றிகள் 1950களில் அன்றைய முதல்வர் லெஸ்லி ஃப்ராஸ்ட் பெற்றபின் அங்கே யாருக்கும் வாய்க்கவில்லை.

இரண்டாம் வாரம் டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவும் மார்க்கமும். அன்றைக்கு வகுப்பு நிரம்பி வழிந்தது; நாற்காலி போதாமல் இருவர் படிக்கட்டில் அமர்ந்தார்கள். 2018இல் ஸ்கார்பரோ ரூஜ் பார்க் தொகுதியில் விஜய் தணிகாசலமும் மார்க்கம் தார்ன்ஹில் தொகுதியில் லோகன் கணபதியும் இக்கட்சியின் சார்பில் வென்று, ஒன்டாரியோச் சட்டமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழர்களானார்கள். 2022இலும் 2025இலும் இருவரும் தங்கள் இடங்களைத் தக்கவைத்தார்கள். கணபதி அதற்கு முன்பே 2006 முதல் மார்க்கம் நகரமன்ற உறுப்பினராக இருந்தவர். தணிகாசலம் கொண்டுவந்த தனி உறுப்பினர் மசோதா 2021 மே மாதம் நிறைவேறி, ஆண்டுதோறும் மே 18இல் முடியும் ஏழு நாட்களைத் தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரமாக்கியது. அதைச் சொன்னபோது அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. என் பக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த வாரம் அங்கேயே நின்றுவிட்டது என்பதுதான் இந்த வகுப்பைப் பற்றி எனக்குள்ள முதல் குறை. நம் பெயர் கொண்ட இருவர் வென்றார்கள் என்ற பெருமிதத்தில் ஒரு மணி நேரம் கழிந்தது. அவர்கள் வென்ற போட்டிகள் எப்படிப்பட்டவை என்பதற்குக் கடைசிப் பதினைந்து நிமிடமே கிடைத்தது. பாடத்தின் சாரம் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் இருந்தது. 2018இல் மார்க்கம் தார்ன்ஹில்லில் கணபதியை எதிர்த்து லிபரல் கட்சிக்காக நின்ற யுவனிட்டா நாதனும் தமிழரே. 2016இல் ஸ்கார்பரோ ரூஜ் ரிவர் இடைத்தேர்தலில் லிபரல் சார்பில் பிரகல் திருவும், புதிய ஜனநாயகக் கட்சி சார்பில் நீதன் சண்ணும் நின்றார்கள். தமிழர் அடர்ந்து வாழும் அந்தத் தொகுதியில் வென்றவர் முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் ரேமண்ட் சோ. கொரியாவில் பிறந்து, பல்லாண்டுகள் டொராண்டோ நகரமன்றத்தில் இருந்து, தெருத்தெருவாக அறிமுகமான மனிதர் அவர். 1988இல் கூட்டாட்சித் தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சிக்காக நின்றவர் என்பதை வாக்காளர் பொருட்படுத்தவில்லை. 2025இல் எண்பத்தெட்டு வயதில் ஸ்கார்பரோ வடக்கில் மீண்டும் வென்றிருக்கிறார். ஆளா கட்சியா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா? அதை இரண்டு வாக்கியத்தில் முடித்தது வருத்தமே.

மூன்றாம் வாரத்துக்காக மட்டும் இந்த வகுப்பில் சேரலாம். வேட்பாளரை யார் தெரிவு செய்கிறார் என்பது தலைப்பு. தொகுதியில் உள்ள கட்சி உறுப்பினர்கள் கூடி வாக்களித்து வேட்பாளரைத் தேர்வதே அங்கே எதிர்பார்க்கப்படும் முறை. ஆனால் தலைவர் தாமே ஒருவரை நியமிக்கவும் முடியும். 2018 ஜனவரியில் அப்போதைய கட்சித் தலைவர் பாட்ரிக் பிரவுன் பதவி விலகிய பிறகு, அவர் காலத்துத் தெரிவுகளில் சிலவற்றைக் கட்சி ரத்துசெய்ததும், புதிய தலைவர் சில தொகுதிகளில் நேரடியாக ஆள் நிறுத்தியதும் இதற்கு முன்னுரை. நம் ஊரில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: பாயோங் தெர்ஜுன். தொகுதிக்குத் தொடர்பில்லாதவரைத் தலைமை மேலிருந்து இறக்குவதைக் கிளைத் தொண்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆசிரியை அந்தச் சொல்லைப் பலகையில் தமிழில் எழுதியதும் எல்லாருக்கும் பாடம் ஒரே நொடியில் பிடிபட்டது.

அதன்பின் அவர் சொன்னது ஹால்டிமண்ட் நார்ஃபோக் தொகுதியின் கதை. டொராண்டோவுக்குத் தெற்கே, ஈரி ஏரிக்கரையில் உள்ள வேளாண் பகுதி அது, இக்கட்சியின் கோட்டை. அங்கே பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்த டோபி பாரெட் 2022இல் ஒதுங்கியபோது, அவருடைய அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பாபி ஆன் பிரேடி அந்த இடத்துக்கு வருவார் என்று உள்ளூர்க் கட்சியினர் எதிர்பார்த்தார்கள். கட்சியோ உறுப்பினர்களிடம் கேட்காமல், அப்பகுதியின் மேயரை வேட்பாளராக நியமித்தது. அவரும் உள்ளூர்க்காரர்தாம், மக்களுக்குக் குறையாகப் பட்டது அவர் வந்த வழி. பிரேடி சுயேச்சையாக நின்றார். பாரெட்டும் அவரையே ஆதரித்தார். மாகாணம் முழுவதும் 83 இடங்களை அள்ளிய அதே கட்சி தன் கோட்டையில் தோற்றது. 2025இல் பிரேடி மறுபடியும் வென்றார், இரண்டு தேர்தல்களிலும் மாகாணத்தில் வென்ற ஒரே சுயேச்சை அவரே.

ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எழுந்து, "டீச்சர், கட்சிக்கு எண்பத்துமூன்று கிடைத்தபிறகு அந்த ஒன்று போனதால் என்ன நட்டம்?" என்று கேட்டார். ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. வேட்புமனு அன்றைக்குத் தொகுதியில் இருந்த ஒரு கட்சி உறுப்பினராகத் தம்மை எண்ணிக்கொண்டு ஒவ்வொருவரும் ஐந்து வரி எழுதும்படி தாள் கொடுத்தார். நான் பல பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். கேட்பவரை இப்படி வேலை வாங்கிய வகுப்பு அதிகம் இல்லை. அந்தப் பெரியவர் எழுதியதை அவரே வாசித்தார்: கட்சிக்கு ஒரு நாற்காலி போனது, எனக்கோ என் கட்சியில் பேசும் உரிமை போனது. நான் என் தாளில் எழுதியதை வாசிக்காமல் மடித்து வைத்துக்கொண்டேன். அவருடையது அதைவிடச் சரியாக இருந்தது.

வேட்பாளர்கள் ஒரே மேடையில் வாக்காளரைச் சந்திக்கும் கூட்டங்களைப் பற்றியும் அன்றே பேசினார்கள். 2022இலும் 2025இலும் இக்கட்சியின் வேட்பாளர்கள் பலர் இத்தகைய கூட்டங்களுக்கு வரவில்லை என்று உள்ளூர்ச் செய்தித்தாள்கள் எழுதின. வீடு வீடாகப் போய்ப் பேசுவதே பயனுள்ளது என்பது அவர்கள் தரப்பின் விளக்கம். இரண்டு பக்கத்தையும் ஆசிரியை நேர்மையாக வைத்தார். செராமா எனப்படும் நம் ஊர் அரசியல் கூட்டங்களில் ஒரு கட்சியின் பேச்சை மட்டுமே கேட்டுப் பழகிய நமக்கு, எதிரெதிர் வேட்பாளர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து ஊர்க்காரர் கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கமே புதிது. அந்த வழக்கம் இருக்கும் ஊரில் வேட்பாளர் வராமல் இருந்தால், வீட்டுக் கதவைத் தட்டியது அதற்கு ஈடாகாது என்பது என் கருத்து. கதவருகே நின்று கேட்கும் கேள்வியைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்க முடியாது.

நான்காம் வாரம் எண்களுக்கானது. அதுதான் மிகப் பலவீனமான வாரம். புரொஜெக்டர் பழுதாகி முக்கால் மணி நேரம் வீணானது; மீதி நேரத்தில் ஆசிரியை அட்டவணைகளை வாய்விட்டு வாசித்தார். ஏறத்தாழ 43 சதவிகித வாக்குக்கு 80 இடங்கள் என்பதும், ஏறத்தாழ 30 சதவிகிதம் பெற்ற லிபரல் கட்சிக்கு 14 இடங்கள் மட்டும் கிடைக்க, 19 சதவிகிதத்தை எட்டாத புதிய ஜனநாயகக் கட்சி 27 இடங்களோடு பிரதான எதிர்க்கட்சியாகவே நீடித்தது என்பதும் நின்று விளக்கவேண்டிய செய்திகள். வாக்குகள் எந்தத் தொகுதியில் குவிகின்றன என்பது வேட்பாளரின் வேர் எவ்வளவு ஆழம் என்பதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய ஒன்று. ஸ்கார்பரோவின் ஆறு தொகுதிகளில் நான்கு பழமைவாதக் கட்சிக்கும், தென்மேற்கு டோலி பேகத்தின் வழியாகப் புதிய ஜனநாயகக் கட்சிக்கும், கில்ட்வுட் ஆண்ட்ரியா ஹேசலின் வழியாக லிபரலுக்கும் போனதை வைத்தே ஒரு முழு மாலை நடத்தியிருக்கலாம். வாக்களித்தோர் 45 சதவிகிதத்தைச் சற்றே தாண்டினார்கள் என்ற ஒரு வரியும் அப்படியே கடந்துபோனது. மலேசியாவின் 2022 பொதுத்தேர்தலில் நாம் 74 சதவிகிதத்தை நெருங்கினோம். ஒன்டாரியோவிலோ குளிர்காலத்தில், 2026 ஜூன்வரை காத்திருக்க வேண்டிய தேர்தலை முன்கூட்டி நடத்தியதில் பாதிக்குமேற்பட்டோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வராதவர்களை எந்த வேட்பாளர் தேடிப் போனார் என்று கேட்க நான் கையை உயர்த்தியபோது மணி ஆறாகிவிட்டது.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேநீரும் உளுந்து வடையும் கட்டணத்தில் அடக்கம். வடை நன்றாகவே இருந்தது. படிக்கட்டு செங்குத்தாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடிச் சுவர்ப் பக்கமாக ஏறவேண்டும். கார் நிறுத்தச் சனிக்கிழமை மாலையில் இடம் கிடைக்காது. கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடப்பதே நல்லது. கையேடு முப்பது பக்கம், முழுவதும் தமிழில், ஆனால் ஊர்ப்பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே தொகுதியை இரண்டு என்று என் தங்கை எண்ணிவிட்டாள். அடுத்த பதிப்பில் ஒரு நிலப்படமும் பெயர்ப்பட்டியலும் சேர்த்தால் இந்தக் குறை தீரும்.

ஆசிரியை எந்தக் கட்சிக்கும் சாய்ந்து பேசவில்லை என்பதை நான் தனியே பதிவுசெய்ய விரும்புகிறேன். அவர் டொராண்டோவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அங்கே எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்று கடைசி நாளில் ஒருவர் கேட்டபோது சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். பழமைவாதக் கட்சியை விரும்புகிறவரும் விரும்பாதவரும் ஒரே மேசையில் வடை சாப்பிட்டுவிட்டுப் போன நான்கு வாரங்கள் அவை.

தங்கையின் மகளை மறுவாரம் அழைத்தேன். ரேமண்ட் சோவின் கதையையும் பிரேடியின் கதையையும் சொல்லி, அடுத்த முறை உன் தொகுதியில் கட்சிக்கூட்டம் எப்போது என்று முதலில் கேட்டுக்கொள், வேட்பாளர் பெயர் வாக்குச்சீட்டில் ஏறுவதற்கு முன்பே அங்கேதான் ஆள் தெரிவாகிறார் என்றேன். உறுப்பினர் ஆகவேண்டுமா என்று கேட்டாள். ஆகவேண்டும், எந்தக் கட்சி என்பதை நீயே பார்த்துக்கொள் என்றேன். அடுத்த தொகுப்பில் தனி வாரத்துக்கு 40 ரிங்கிட் கட்டியும் சேரலாமாம். நேரம் குறைந்தவர்கள் மூன்றாம் வாரத்துக்குப் பதிவுசெய்யுங்கள், முன்வரிசையில் இடம் பிடிக்க நான்கு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிடுங்கள்.