தண்ணீரிலா, வீட்டிலா? பட்டுக்கோட்டையின் மலேரியாக் கேள்வி

1934-இல் மேட்டூர் அணை எழுந்தது. கல்லணைக் கால்வாய் வழியே பட்டுக்கோட்டைப் பக்கம் காவிரி பாய்ந்தது. நெல்லோடு மலேரியாவும் வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் அங்கே ஆய்வு நடத்தியது அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, மலேரியா நிபுணர் பால் ரஸ்ஸல் தலைமையில். கொசுவை எங்கே அழிப்பது, தண்ணீரிலா, வீட்டிலா என்பதே கேள்வி.

தண்ணீரிலேயே கொசுப்புழுவை அழிப்பது ஒரு வழி. நகரத்தில் கைகொடுக்கும். டெல்டாவில்? வாய்க்கால், மண் எடுத்த குழி, நடவு முடிந்த வயல் என்று எத்தனை இடம்! மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் கொசு இளம்பயிர் வயலில் முட்டையிடும். பயிர் வளர்ந்து மூடினால் ஒதுங்கிவிடும். நம் நடவுக்காலமே அதற்கும் காலம்.

மற்றது, வளர்ந்த கொசுவைக் கொல்வது. பகலில் அது வீட்டிலும் மாட்டுக்கொட்டகையிலும் தங்கும். அங்கேயே பைரெத்ரம் என்ற பூவிலிருந்து எடுக்கும் பூச்சிக்கொல்லி மருந்தைத் தெளித்தார்கள். வீரியம் நீடிக்காது, திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். வீட்டுக்காரர்களும் ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்க வேண்டும். ஆனாலும் ஏழைக் கிராமத்துக்குக் கட்டுப்படியாகும் வழி இதுதான் என்பேன். பாசனத்தை நிறுத்த வேண்டாம், பயிரைத் தொட வேண்டாம். வீரியம் நீடிக்கும் பூச்சிக்கொல்லியான டி.டி.டி. நம் ஊர்களுக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது நடந்தது.